ஜல்லிமேட்டின் இருமல்கள் போட்டிக்குப் போன கதை

ஜல்லிமேட்டில் நோயே இல்லை என்று பச்சை வண்ணத்தில் பலகை நட்டுவிட்டுப் போன மறுநாள் காலையில், அந்த ஊர்க்காரர்களின் இருமல்கள் அவரவர் நெஞ்சைவிட்டு இறங்கித் தெருவுக்கு வந்தன. முதலில் பார்த்தவள், அதாவது கேட்டவள், டீக்கடைக் காசியம்மாள். பெஞ்சில் ஏழுமலை வந்து உட்கார்ந்து இருமுகிறான் என்று நினைத்து, வழக்கம்போல் சர்க்கரை கம்மியாக ஒரு டீயை ஆற்றிக்கொண்டு அவள் திரும்பினால் பெஞ்சில் ஆள் இல்லை, இருமல் மட்டும் இருந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, பாதி வழியில் மூச்சு வாங்கி, கடைசியில் லாரியிலிருந்து கல் சரிவதுபோல் முடிகிற ஏழுமலையின் இருமலேதான், சந்தேகமில்லை. அவள் டீயை பெஞ்சில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள். சற்று நேரத்தில் ஏழுமலையே வந்து, தன் இருமலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருதரம்கூட இருமாமல் அந்த டீயைக் குடித்துவிட்டு, கல்லை ஜல்லியாக உடைக்கிற கிரஷருக்கு வேலைக்குப் போனான்.

ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஏழுமலையின் மனைவி பூங்காவனம், கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுக்கிறவள், நடந்ததை நேரில் பார்த்தவள், அவள் சொல்வது இது. நற்சுவாசத் திட்டம் என்று பேர் எழுதிய வேன் ஒன்று ஊருக்கு வந்தது. வேனுக்குள் ஒரு பெட்டி. பெட்டிக்கு முன்னால் நின்று இருமினால் போதும், செயற்கை நுண்ணறிவு அந்தச் சத்தத்தைக் கேட்டே நெஞ்சுக்குள் என்ன இருக்கிறதென்று சொல்லிவிடும். நோய் இருந்தால் சிவப்பு விளக்கு, இல்லையென்றால் பச்சை. பெட்டிக்கு ஊர்க்காரர்கள் 'காது' என்று பேர் வைத்தார்கள். கிரஷர் மேஸ்திரி துரைக்கண்ணு முந்தின நாளே தெருத்தெருவாக வந்து, "செவப்பு எரிஞ்சவன் எவனும் நாளையிலேருந்து வேலைக்கு வர வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அந்தப் பயம் ஒருபக்கம் என்றால், ஜல்லிமேட்டுக்காரர்களின் மரியாதை இன்னொரு பக்கம். பெரிய மனுஷர் முன்னால் வாய்விட்டு இருமக்கூடாது, வந்தால் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வந்தாலும் விழுங்கிவிட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று, நான் வந்திருக்கிறேன் என்று தெரிவிக்கப் போடுகிற சின்னச் செருமல் ஒன்று உண்டே, அது மட்டும்தான் சபையில் செல்லும். பயமும் மரியாதையும் கூட்டுச் சேர்ந்தால் கேட்கவா வேண்டும். வேனில் வந்த பெண் "நல்லா இருமுங்க" என்று சொல்லச் சொல்ல, வரிசையில் நின்ற அத்தனை பேரும் காதுக்கு முன்னால் கைகட்டி நின்று அந்த வாசல் செருமலைப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். கல்லுடைத்துக் கல்லுடைத்து நெஞ்சு பூராவும் கல்மாவு படிந்து கிடந்த ஆண்களும், ஜல்லி சலித்துச் சலித்துப் பாதி மூச்சில் வாழ்ந்த பெண்களும் அப்படித்தான் செருமினார்கள். சட்டியில் போட்டதுதானே அகப்பையில் வரும், காது கேட்டதைக் கேட்டபடி சொன்னது. பச்சை எரிந்தது, மறுபடியும் பச்சை எரிந்தது, பொழுது சாயும்வரை பச்சையாகவே எரிந்தது.

பலகை வந்தது. நோயற்ற ஊருக்கு டாக்டர் வண்டி எதற்கு என்று, மாசத்துக்கு ஒருதரம் மாத்திரையும் மூச்சிழுக்கிற மருந்தும் கொண்டுவந்துகொண்டிருந்த வண்டி நின்றது. தங்களை மறைத்துவிட்டு ஒரு பொய்ச் செருமலைச் சபையேற்றினார்களே என்ற கோபமோ, இல்லையென்று எழுதிய பிறகு எந்த முகத்தோடு அங்கே குடியிருப்பது என்ற ரோஷமோ, இருமல்கள் இறங்கிவிட்டன.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. மின்சாரம் போவதற்குப் பழகிய ஊர், தண்ணீர் லாரி வராததற்குப் பழகிய ஊர், இதற்கா பழகாது. எந்த இருமல் யாருடையது என்பதில் முதலில் சின்னச் சின்னச் சண்டைகள் வந்தன, பிறகு தீர்ந்தன. காசியம்மாள் இருமல்களுக்கென்று ஒரு பெஞ்சை ஒதுக்கி, பக்கத்தில் சுடுதண்ணீர் வைத்தாள். வெளியூர்ப் பெண்வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வந்தால், மாப்பிள்ளையின் இருமலை ஏரிக்கரைப் பக்கம் போகச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது. ஒருத்தியின் மாமியார் இருமல் அடுப்படியை விட்டு நகராமல் மருமகள் தாளிக்கும்போதெல்லாம் இருமிக்கொண்டே இருந்ததால், மாமியார் மகள் வீட்டுக்குப் போயிருந்த நாளிலும் அந்த மருமகளுக்கு நிம்மதி இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார், "யார்டா இருமுறது?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார். நாய்கள் குலைப்பதை நிறுத்திவிட்டன.

சொன்னால் வெட்கக்கேடு, முதலில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். பூங்காவனம் கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக விடியவிடியத் தூங்கினாள். புருஷன் பக்கத்தில் சத்தமில்லாமல் படுத்திருந்தான். அவன் இருமல் வெளியே வேப்பமரத்தடியில் தன் பாட்டுக்கு இருமிக்கொண்டிருந்தது. "ஒனக்கு இப்ப எப்பிடிய்யா இருக்குது?" என்று அவள் கேட்டால், "ஒண்ணுமில்ல பூவு, லேசா இருக்குது" என்றான் ஏழுமலை. லேசாக இருக்கிறது என்றவன் உட்கார்ந்த கட்டிலின் கயிறு அன்றைக்கு அறுந்தது.

பரந்தாமன் செத்தபோதுதான் ஊருக்கு விஷயம் உறைத்தது. பாறைக்குத் துளை போடுகிறவன், ஏழுமலையின் கூட்டாளி, பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன் ஒரு சத்தமும் இல்லாமல் தூக்குவாளியின்மேல் சாய்ந்தான். இருமியிருந்தால் யாராவது தண்ணீர் கொடுத்திருப்பார்கள், முதுகைத் தட்டியிருப்பார்கள், தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். இருமவே இல்லையே. வெளியே தள்ள ஆள் இல்லாமல் போன கல்மாவு அவன் நெஞ்சுக்குள் இறுகி இறுகி, கடைசியில் பாறையாகவே ஆகிவிட்டிருந்தது. பாடையைத் தூக்க நாலு பேர் போதவில்லை, எட்டுப் பேரும் போதவில்லை, மாற்றி மாற்றித் தோள்கொடுத்துத்தான் சுடுகாடு போய்ச் சேர்ந்தார்கள். அவன் இருமல் பாடைக்குப் பின்னால் இருமிக்கொண்டே வந்து, எரிகிறவரை நின்று பார்த்துவிட்டு, போக வீடில்லாமல் ஊருக்கே திரும்பி வந்தது. பரந்தாமனின் பெண்டாட்டி கன்னியம்மாள் அதற்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

அன்றிலிருந்து பூங்காவனத்துக்குத் தூக்கம் போயிற்று. முன்பு புருஷன் இருமுகிறான் என்று விழித்துக் கிடந்தவள், இப்போது இருமவில்லையே என்று விழித்துக் கிடந்தாள். ஏழுமலை ஏறினால் சைக்கிள் டயர் நசுங்கியது. ஈரத்தரையில் அவன் காலடி மற்றவர்கள் காலடியைவிட ஆழமாக விழுந்தது. டாக்டர் வண்டியைத் திரும்ப அனுப்பச் சொல்லி அவள் நற்சுவாசத் திட்டத்து அலுவலகத்துக்குப் போனாள், மறுபடியும் போனாள். உங்கள் ஊர்தான் பச்சை ஆயிற்றே அம்மா என்று சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பினார்கள். அந்த அலுவலகத்துச் சுவரில்தான் அவள் அந்த விளம்பரத்தைப் பார்த்தாள். பொதுச் சுகாதாரமும் செயற்கை நுண்ணறிவும், குறும்படப் போட்டி, தேர்வாகும் படங்கள் சென்னையில் பெரிய பெரிய டாக்டர்கள் முன்னிலையில் திரையிடப்படும்.

அவளுக்குப் பரிசு வேண்டாம். பெரிய டாக்டர்களை எல்லாம் கதவைச் சாத்தி ஓர் அறையில் உட்காரவைத்து, விளக்கை அணைத்து, ஜல்லிமேட்டை மட்டும் கேட்கவைக்கிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான் என்று தோன்றிவிட்டது. கல்யாண வீட்டில் பந்தியைக்கூட ஓடியாடி எடுக்கிறவள், இந்தப் படத்துக்கு கேமராவை அசைக்கவே இல்லை. காலியான பெஞ்சை எடுத்தாள், அதில் ஏழுமலையின் இருமல் இருந்தது. காலியான அடுப்படியை எடுத்தாள், வேப்பமரத்தடியை எடுத்தாள், கன்னியம்மாள் வீட்டு நடையை எடுத்தாள். எல்லாவற்றிலும் ஊரே இருமிக்கொண்டிருந்தது. எடுத்ததை அனுப்பிவைத்துவிட்டு, அங்காளம்மனுக்கு ஒரு எலுமிச்சம்பழமும் முடிந்துவைத்தாள்.

பதில் வந்தது. உங்கள் படம் தேர்வாகியிருக்கிறது, இரைச்சல் நீக்கப்பட்டு மெருகேற்றப்பட்டிருக்கிறது, பார்த்து மகிழுங்கள். அவள் பார்த்தாள். பெஞ்சு இருந்தது, அடுப்படி இருந்தது, வேப்பமரம் காற்றில் ஆடியது. இருமல் ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் புல்லாங்குழல் வாசித்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள், ஒரு ஊரையே குழலுக்குள் மறைத்ததை அன்றைக்குத்தான் கண்டாள்.

போட்டியை நடத்துகிற நிவேதா என்ற பெண்ணுக்கு ஃபோன் போட்டாள். நல்ல பெண், தன்மையாகத்தான் பேசியது.

"மேடம், நீங்க எடுத்துப் போட்டது இரைச்சல் இல்ல. எங்க ஊரு இருமல்."

"படத்துல யாருமே இருமலயே மேடம். இருமுற ஆளே இல்லாத இருமல் இரைச்சல்தானே? சிஸ்டம் சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கு."

"ஆளு தனியா, இருமல் தனியா ஆயிடுச்சி. அதத்தான் மேடம் படமே சொல்லுது."

"ஜூரிக்கு இப்ப இருக்கறதே ரொம்பப் பிடிச்சிருக்கு மேடம். இவ்ளோ அமைதியான ஊரப் பார்த்ததே இல்லன்னாங்க. சிறந்த வெற்றிக்கதைன்னு உங்களுக்குத்தான் கேடயம். ஊர்க்காரங்கள எத்தன பேர் வேணா கூட்டிட்டு வாங்க, ஹால்ல எடம் இருக்கு."

அவள் ஃபோனை வைத்தாள். பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள். எத்தனை பேர் வேண்டுமானாலும் என்று அவர்களேதானே சொன்னார்கள்.

இருமல்களை எப்படிக் கூட்டிப்போவது என்பதில் மட்டும் கொஞ்சம் குழப்பம். கூப்பிட்டால் வரவில்லை, விரட்டினாலும் நகரவில்லை. எத்தனையோ கல்யாணம் பார்த்த பூங்காவனத்துக்குத் தெரியும், முறையாக அழைக்காமல் பங்காளிகூட வரமாட்டான். ஆகவே கல்யாணத்துக்கு அழைப்பதுபோலத் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம் வைத்துக்கொண்டு அவரவர் இருமலை அவரவரே போய் அழைப்பது என்று முடிவாயிற்று. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜல்லிமேட்டில் ஆண்களும் பெண்களும் தட்டும் கையுமாக மரத்தடியிலும் பெஞ்சோரத்திலும் நின்று, கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளிடம், குடும்பத்தோட வந்துடணும், வராம இருந்துடக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை மட்டும் வேப்பமரத்துக்கு முன்னால் தட்டை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான்.

"சொல்லுய்யா" என்றாள் பூங்காவனம்.

"இன்னான்னு சொல்றது. இத்தினி வருஷம் துண்டப் போட்டு அமுக்கினேன். அன்னிக்கிக் காது முன்னாடி இதத் தெரியாத மாதிரியே நின்னேன். இப்ப வான்னா வருமா?"

"அதையே சொல்லு."

அவன் அதையே சொன்னான். மரத்தடியில் இருமல் ஒரு கணம் நின்றது. பிறகு தட்டிலிருந்த வெற்றிலை லேசாக நகர்ந்ததை அவள் பார்த்தாள்.

மேஸ்திரி துரைக்கண்ணு ஊர் எல்லையில் வழிமறித்தான். "போறவன் எவனுக்கும் திங்கக்கெழம வேல கெடையாது, தெரிஞ்சிக்குங்க" என்றான். கன்னியம்மாள்தான் முன்னால் வந்து, "எங்க ஊட்டுக்காரரு ஒரு நாளுகூட லீவு போடாமதான்டா வந்தாரு. இப்ப தெனம் லீவுதான். நீ என்னா பண்ணிட்ட அவர?" என்றாள். அவன் ஒதுங்கினான். பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர், காலியான சீட்டெல்லாம் இருமுவதைக் கேட்டுவிட்டு, இவர்களுக்கு டிக்கெட் போடுவதா, லக்கேஜ் போடுவதா என்று யோசித்தார். மடியில் வைத்துக்கொண்டால் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஜல்லிமேட்டுக்காரர்கள் தங்கள் இருமல்களை மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போனார்கள். பஸ் மேடேறும்போதெல்லாம் திணறியது.

ஹால் குளுகுளுவென்று இருந்தது. மேடை நடுவில் பூ வைத்து, பட்டுத்துணி விரித்து, காதை உட்காரவைத்திருந்தார்கள். பெரிய மனுஷர் சபையாயிற்றே என்று இருமல்கள் வெளியே வாசலிலேயே நின்றுவிட்டன. படம் ஓடியது, குழல் ஒலித்தது, பெரிய டாக்டர்கள் நெகிழ்ந்து கைதட்டினார்கள். திட்டத்தின் இயக்குநர் டாக்டர் சேதுநாராயணன் கேடயத்தை நீட்டினார். பூங்காவனம் கையை நீட்டவில்லை.

"பலக எங்க ஊர்ல ஏற்கனவே ஒண்ணு நட்டுட்டீங்க சார். இது நான் எடுத்த படம் இல்ல. என் படத்துல சத்தம் இருந்திச்சி."

"உணர்ச்சிவசப்படறாங்க" என்று இயக்குநர் சபையைப் பார்த்துப் புன்னகைத்தார். மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "நண்பர்களே, இன்னிக்கு ஜல்லிமேட்டுல இருமல்னு ஒண்ணு…"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தார். நெஞ்சே இல்லாமல் அலைந்துகொண்டிருந்த பரந்தாமனின் இருமல், வாசலிலிருந்து நேராக வந்து, திறந்த அந்த வாய்க்குள் போய் உட்கார்ந்தது. முதலில் சின்னதாக, பிறகு பெரிதாக, பிறகு மேசையைப் பிடித்துக்கொள்ளும்படி, அந்த வெள்ளைச் சட்டைக்காரர் பாறைக்குத் துளை போட்டவனின் இருமலை இருமினார். மைக் அதை ஹால் முழுக்கப் பரப்பியது. கடைசி வரிசையில் கன்னியம்மாள் எழுந்து நின்று, "அது எங்க ஊட்டுக்காரரு இருமல்" என்றாள், யாரிடமும் இல்லை. பட்டுத்துணியின்மேல் உட்கார்ந்திருந்த காது, தன் வாழ்நாளில் முதல்முறையாக ஓர் அசல் ஜல்லிமேட்டு இருமலைக் கேட்டு, சிவப்பாக எரிந்தது.

முன்வரிசை டாக்டர்கள் எல்லாம் மேடைக்கு ஓடிவந்தார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார், ஒருவர் நாடி பிடித்தார், ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். பூங்காவனம் மைக்கை எடுத்தாள்.

"ஒரு ஆளு இருமுனதுக்கு இத்தினி டாக்டரு. ஒரு ஊரே இருமுச்சி, புல்லாங்கொழல் வாசிச்சீங்க." பட்டுத்துணியின்மேல் இருந்த பெட்டியைக் காட்டினாள். "காதக் கொற சொல்லல. நாங்க பயந்துகிட்டுச் செருமுனோம், அது பச்சன்னு சொல்லிச்சி. ஏன் பயந்தோம்னு கேக்கறதுக்கு ஒரு மனுஷன் வரலயே. யோவ், ஏழுமல. மேல வாய்யா."

ஏழுமலை மேடையேறினான், ஏறும்போது பலகைகள் முனகின. பெரிய மனுஷர்கள் நிறைந்த சபை. பழக்கதோஷத்தில் அவன் கை தோளிலிருந்த துண்டுக்குப் போனது. பூங்காவனம் அந்தத் துண்டை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இருமுய்யா" என்றாள். "எனக்காவ இருமு. நீ இல்லாம என்னால முடியாது."

அவன் வாசலைப் பார்த்தான். வா என்று சொன்னானா, மனசுக்குள் நினைத்தானா, அவளுக்குத் தெரியாது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, பாதி வழியில் மூச்சு வாங்கி, லாரியிலிருந்து கல் சரிவதுபோல் அந்த இருமல் அவனுக்குள்ளிருந்து வந்தது. மேடையில் வெள்ளை வெள்ளையாகக் கல்மாவு கொட்டியது. அவன் மண்டியிட்டு இருமினான், முகம் கருத்து இருமினான், கண்ணீரும் எச்சிலுமாக, வெட்கமில்லாமல் இருமினான். அவள் அவன் முதுகை நீவிவிட்டுக்கொண்டே அழுதாள். கீழே ஜல்லிமேட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து இருமத் தொடங்கினார்கள். கன்னியம்மாள் மட்டும் சும்மா நின்றாள், அவள் வீட்டு இருமல் இயக்குநரிடம் இருந்தது.

நடுவர்களில் ஒரு டாக்டரம்மா, காதைத் தூக்கிக்கொண்டு ஏழுமலைக்கு அருகே கொண்டுவரப் பார்த்தாள். "அது வேணாம்மா" என்றாள் பூங்காவனம். "அது கேட்டாச்சி. ஒங்க காத வைங்க."

அந்த அம்மா பெட்டியைக் கீழே வைத்தாள், கல்மாவின்மேல் முழங்கால் ஊன்றினாள், ஏழுமலையின் நெஞ்சில் காதை வைத்தாள். அவள் முகம் மாறியதைச் சபை பார்த்தது. "எத்தன நாளா?" என்று கேட்டாள். எந்த டாக்டரிடமும் ஒண்ணுமில்ல டாக்டர் என்று மட்டுமே சொல்லிப் பழகிய ஏழுமலை, "கிரஷருக்குப் போன நாள்லேருந்து" என்றான். "இது மொத்தமா போகாது" என்றாள் அவள். "தெரியும்" என்றான் அவன், "மருந்து குடுங்க, வேலய நிறுத்தச் சொல்லுங்க, யாரால வந்துச்சின்னு எழுதிக் குடுங்க."

அவனுக்குப் பின்னால் ஊர் வரிசையில் நின்று சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தது. நிவேதா ஓடிவந்து, நேரமாயிற்று, விழாவை முடித்துக்கொள்ளலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னாள். முன்வரிசைக்காரர்கள் மெல்ல எழுந்து கதவுப்பக்கம் நடந்தார்கள். பூங்காவனம் மேடையோரத்தில் கேமராவை நிறுத்தி, மைக்கைச் செருகி, சத்தம் சரியாகப் பதிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கதவில் ஜல்லிமேட்டுப் பெண்கள் கைகோத்து நின்றார்கள்.

"படம் இன்னும் முடியல" என்றாள் அவள், கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல். "உக்காருங்க."

அவர்கள் உட்கார்ந்தார்கள்.